அமிட்ராஸ்: அளந்து கலக்குவதும் தோல் வரை நனைப்பதும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையோரம், டோங்காட், வெருலம், ஸ்டாங்கர், தெற்கே உம்சிண்டோ வரை, கரும்புக்காட்டை ஒட்டி நாலு மாடும் பத்து ஆடும் வைத்திருக்கும் வீடுகளில் கோடை வந்தால் ஒரே பேச்சுதான்: "மருந்து அடிச்சும் உண்ணி போகலை." உடனே மருந்து கெட்டுப்போனது, உண்ணிக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டி அடுத்த டப்பாவை வாங்கிவிடுகிறார்கள். உண்ணி மருந்துக்குப் பழகுவது உண்மைதான். ஆனால் அதைச் சந்தேகிக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: கலக்கிய தண்ணீரின் அளவு, மாட்டின் மேல் விழுந்த தண்ணீரின் அளவு. தப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

இங்கே சொல்வது அமிட்ராஸ் பற்றி. ஃபார்மமிடின் என்ற வகையைச் சேர்ந்த ரசாயனம். இங்கிலாந்தில் பூட்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் ட்ரையாட்டிக்ஸ் என்ற பெயரில் பழக்கமானது, இன்று வேறு பல பெயர்களிலும் கோ-ஆப் கடையில் கிடைக்கிறது. உண்ணியின் நரம்பில் ஆக்டோபமின் என்ற பொருள் வேலை செய்யும் இடத்தை இது குழப்புகிறது. குழம்பிய உண்ணி கடியை விட்டுவிடும், வாயை உருவிக்கொண்டு கீழே விழும். செத்துத்தான் விழும் என்றில்லை, விழுந்த பிறகும் சாகும். தெளித்த சில மணி நேரத்தில் மாட்டின் மேல் உண்ணி அமைதியில்லாமல் ஊர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அதைப் பார்த்து "சாகவே இல்லையே" என்று இன்னொரு தடவை அடிக்க வேண்டாம்.

தெள்ளுப்பூச்சிக்கு இது உதவாது. உண்ணி, சொறிப்பூச்சி, லேபிளில் எழுதியிருந்தால் பேன், இவ்வளவுதான்.

வாங்கும்போது

டப்பாவின் மேல் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவு செய்த எண் இருக்க வேண்டும். கால்நடை மருந்தென்றால் அந்த எண் 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண் இல்லாமல், கோலா பாட்டிலில் ஊற்றி சந்தையில் விற்பதை விலை குறைவு என்று வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபோஸ் என்ற வேறொரு பூச்சிமருந்தால். அதற்குப் பிறகாவது லேபிள் இல்லாத மருந்து வீட்டுக்குள் வரக்கூடாது.

அடுத்தது சதவீதம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கணக்கும் 12.5 சதவீத திரவத்துக்கு மட்டும். அதாவது லிட்டருக்கு 125 கிராம் அமிட்ராஸ். இதே அமிட்ராஸ், மாட்டை இறக்கி முக்கி எடுக்கும் டிப் தொட்டிக்கான தூளாகவும் வருகிறது, முதுகில் கோடாக ஊற்றும் எண்ணெயாகவும் வருகிறது, நாய்க்கென்று தனிச் சதவீதத்திலும் வருகிறது. முதுகில் ஊற்றுவதைத் தண்ணீரில் கலக்கக்கூடாது. தண்ணீரில் கலக்குவதை அப்படியே முதுகில் ஊற்றவும் கூடாது. உங்கள் டப்பா வேறு எண்ணைச் சொன்னால் இங்கே உள்ளதை மறந்துவிட்டு டப்பா சொல்வதைக் கேளுங்கள்.

யாருக்கு அடிக்கக்கூடாது

இதை மருந்து திறப்பதற்கு முன் படித்துவிடுங்கள். குதிரை, கழுதை, கோவேறு கழுதை: கூடவே கூடாது. அமிட்ராஸ் குதிரையின் குடலை நிறுத்திவிடும். சாணம் உள்ளே இறுகி, வயிற்றுவலியில் புரண்டு செத்துப்போகும். மாட்டுக்கு அடித்த மீதியைப் பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரைக்கும் ஒரு கை அடித்துவிடுவது இந்த மருந்தில் நடக்கும் மிக மோசமான தவறு.

பூனைக்கு வேண்டாம். நாய்களில் சிஹுவாஹுவா, நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, சினையாக இருப்பது, பால் கொடுப்பது, சர்க்கரை நோய் உள்ளது ஆகியவற்றுக்கு வேண்டாம். அமிட்ராஸ் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். கோழிப்பேனுக்குக் கோழிக்கென்றே லேபிளில் எழுதிய மருந்து இருக்கிறது, இதைக் கோழிக்கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். காய்ச்சலில் கிடக்கும் மாடு, வண்டியில் நெடுந்தூரம் வந்து இறங்கிய ஆடு, இவை தேறும் வரை பொறுங்கள்.

மனிதர்களிலும் ஒரு தடை உண்டு. மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற வகை மாத்திரை சாப்பிடுபவர் இந்த மருந்தைக் கலக்கவோ தெளிக்கவோ கூடாது. சர்க்கரை நோயாளியும் வேலையை வேறு ஒருவரிடம் விடுவது நல்லது.

கணக்கு

மாட்டு உண்ணிக்கு வழக்கமான அளவு 1-க்கு 500. லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. மருந்து. இரண்டு மி.லி.யில் 250 மில்லிகிராம் அமிட்ராஸ் இருக்கிறது, ஆக லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதுதான் 0.025 சதவீதம். பத்து லிட்டர் வாளிக்கு 20 மி.லி. பதினாறு லிட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 32 மி.லி. நூறு லிட்டருக்கு 200 மி.லி. பன்றிச் சொறிக்கு லேபிள்கள் பொதுவாக இதைப்போல இரண்டு மடங்கு, லிட்டருக்கு 4 மி.லி. சொல்லும். செம்மறிச் சொறி வேறு சங்கதி. அது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்து செம்மறி கம்பியில் தேய்த்துக்கொண்டே இருந்தால், தெளிப்பானை எடுக்கும் முன் அரசுக் கால்நடை அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு எளிய கணக்கு எங்கே கெடுகிறது? மூடியில். "ஒரு தெளிப்பானுக்கு ஒரு மூடி" என்று ஒரு கைக்கணக்கு ஊரெங்கும் ஓடுகிறது. டப்பாவுக்கு டப்பா மூடி மாறும். மூடி 15 மி.லி. பிடித்தால் 16 லிட்டரில் கிடைப்பது லிட்டருக்கு 117 மில்லிகிராம், தேவையானதில் பாதிகூட இல்லை. அந்தப் பாதி மருந்தில் வலுவில்லாத உண்ணி சாகும், வலுவானது பிழைத்து முட்டையிடும். மருந்துக்குப் பழகிய உண்ணியை நாமே வளர்ப்பது இப்படித்தான். ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்சு மருந்துக் கடையில் சில ராண்டுக்குக் கிடைக்கும். அதை வாங்கி, சிரிஞ்சின் மேலேயே 'உண்ணி மருந்து' என்று அழியாத மையில் எழுதி, மருந்து டப்பாவோடு கட்டிவையுங்கள். சமையலறைக் கரண்டி எதுவும் இதற்குள் வரக்கூடாது.

இரண்டாவது கெடுவது திரும்ப நிரப்பும்போது. தெளிப்பானில் 5 லிட்டர் மீதி இருக்கிறது, மேலே 11 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பழக்கதோஷத்தில் முழு 32 மி.லி. மருந்தையும் ஊற்றிவிடுவார்கள். இப்போது லிட்டருக்கு 328 மில்லிகிராம் ஆகிவிட்டது. சேர்த்த தண்ணீருக்கு மட்டும்தான் மருந்து: 11 லிட்டருக்கு 22 மி.லி. தெளிப்பானின் பக்கவாட்டில் இருக்கும் கோடுகளை நம்பும் முன் ஒரு தடவை லிட்டர் குவளையால் ஊற்றிச் சரிபாருங்கள். பெயின்ட் வாளியும் அப்படித்தான். "இருபது லிட்டர்" என்று எழுதியிருப்பது விளிம்பு வரையா, கழுத்து வரையா என்று யாருக்கும் தெரியாது. அளந்து ஊற்றி வெளியே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கலக்குவது

கைக்கு நைட்ரைல் உறை, நீண்ட கை ஓவரால், கம்பூட், முகத்துக்கு மறைப்பு. பாத்திரம் கழுவும் மெல்லிய ரப்பர் உறை போதாது. மருந்தைக் கரைத்திருக்கும் சைலீன் அதை ஊடுருவிவிடும். சைலீன் தீப்பற்றும் பொருள், ஆகவே கலக்கும் இடத்தில் சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.

முதலில் சின்ன வாளியில் ஐந்து லிட்டர் சுத்தமான தண்ணீர். அளந்த மருந்தை அதில் விட்டு, அதே தண்ணீரை சிரிஞ்சில் இரண்டு மூன்று தடவை இழுத்து விட்டுக் கழுவுங்கள். குச்சியால் கலக்கினால் மொத்தமும் பால் மாதிரி வெள்ளையாக வரும். பிறகு தெளிப்பானில் பாதி தண்ணீர், மேலே இந்தப் பால் கலவை, மறுபடி அளவு வரை தண்ணீர். சல்லடை வழியாகவே ஊற்றுங்கள். வெள்ளையாக வராமல் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ தயிர்போல் திரிந்தாலோ அந்த மருந்து போய்விட்டது. டப்பா ஈரம் இழுத்திருக்கும், அல்லது வெயிலில் கிடந்திருக்கும். அதை மாட்டின் மேல் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

சேற்றுத் தண்ணீரிலும் புளிப்பேறிய தண்ணீரிலும் அமிட்ராஸ் சீக்கிரம் சிதைந்துவிடும். குட்டைத் தண்ணீரை விடக் குழாய்த் தண்ணீரோ மழைத் தொட்டித் தண்ணீரோ நல்லது. கலக்கியது அன்றைக்கே தீர வேண்டும். நேற்றுக் கலக்கியதில் இன்று எவ்வளவு மருந்து மீதி என்று கண்ணால் சொல்ல முடியாது. பெரிய டிப் தொட்டிகளில் இந்தச் சிதைவைத் தடுக்க நீற்றிய சுண்ணாம்பு போட்டுத் தண்ணீரைக் காரத்தில், பி.எச். 12 அளவில், வைத்திருப்பார்கள். அது தொட்டிக்கென்று செய்த மருந்துக்கும் தொட்டி நடத்துபவருக்கும் உரிய வேலை. வாளியில் சுண்ணாம்பைக் கொட்டிப் பார்க்காதீர்கள். வேறு பூச்சிமருந்தையும் சேர்த்துக் கலக்க வேண்டாம்.

தெளிப்பது

காலை வேளைதான் சரி. நம் கரையோரத்தில் கோடை மதியத்துக்கு மேல் இடிமழை எப்போது இறங்கும் என்று தெரியாது, ஈரம் காய்வதற்குள் மழை பெய்தால் அடித்தது வீண். உச்சி வெயிலும் வேண்டாம். அடிப்பதற்கு முன் மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். தாகத்தோடு இருக்கும் மாடு தன் உடம்பில் வழியும் மருந்தை நக்கும், வாளியிலும் வாய் வைக்கும். கறவை மாடென்றால் பால் கறந்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவித் துடையுங்கள்.

இனி முக்கியமான இடம். முழு வளர்ந்த மாட்டுக்கு 5 முதல் 10 லிட்டர் கலவை வேண்டும். பதினாறு லிட்டர் தெளிப்பான் இரண்டு, மிஞ்சினால் மூன்று மாட்டுக்குத்தான் காணும். எட்டு மாட்டை ஒரே தெளிப்பானில் முடித்தவர், அளவு எவ்வளவு சரியாகக் கலக்கியிருந்தாலும், மாட்டுக்கு மருந்து வாசனை காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் தெளிப்பான் எவ்வளவு துப்புகிறது என்று ஒரு தடவை அளந்துவிடுங்கள். வெறும் தண்ணீர் நிரப்பி, வழக்கம்போல் பம்ப் அடித்து, சரியாக ஒரு நிமிடம் வாளிக்குள் தெளித்து, வந்ததை லிட்டர் குவளையில் ஊற்றுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வந்தால், ஏழு லிட்டர் வேண்டிய மாட்டுக்கு ஏழு நிமிடம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு நிமிடம் ஒரே மாட்டைச் சுற்றி வருவது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும். அவசரமாக முடிப்பதற்காக தெளிப்பான் முனையின் துளையைப் பெரிதாக்கினால் தண்ணீர் மயிரின் மேல் ஓடித் தரையில் விழும், தோலில் இறங்காது. மூடுபனி போல் நுண்ணிய தூறலும் வேண்டாம், அது உங்கள் மூச்சுக்குள்தான் போகும். கூம்பு வடிவில் சற்றுப் பெரிய துளியாக விழ வேண்டும், முனை தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாட்டைக் கிரஷில், அதாவது அசைய விடாமல் நிறுத்தும் ஒடுக்கமான தடுப்பில், நிறுத்துங்கள். கிரஷ் இல்லையென்றால் குட்டையாகக் கட்டி ஒருவர் தலையைப் பிடிக்கட்டும், பிடிப்பவருக்கும் உறை, மறைப்பு எல்லாம் வேண்டும். முதுகுத்தண்டில் தொடங்கி மயிர் போகும் திசைக்கு எதிராக மேல்நோக்கி அடியுங்கள். அப்போதுதான் மயிர் விரிந்து தோல் நனையும். விலா இரண்டும் நனைந்து அடிவயிற்றில் சொட்டத் தொடங்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். உண்ணி முதுகில் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பதில்லை.

எந்த உண்ணி எங்கே ஒளியும் என்பது தெரிந்தால் கை தானாக அங்கே போகும். பழுப்புக் காது உண்ணி பேருக்கேற்றபடி காது மடலுக்குள். பாண்ட் உண்ணி, ஆணின் முதுகில் அழகான வண்ணக் கோலம் போட்ட பெரிய உண்ணி, தொடையிடுக்கு, மடி, விதைப்பை, முன்னங்கால் இடுக்கு, மார்த்தொங்கல் என்று அடிப்பக்கம் முழுவதும். இதன் வாய் நீளமானது, தோலுக்குள் ஆழமாக இறங்கும். பிடித்த இடம் சீழ் கட்டும், காம்பில் பிடித்தால் அந்தக் காம்பே போகும். சிவப்புக்கால் உண்ணி வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றி. பாண்ட்கால் உண்ணி வால் குஞ்சத்திலும் குளம்பு பிளவிலும். நீல உண்ணிதான் கழுத்து, தோள், விலா என்று பரவலாக இருக்கும், சின்னதாக இருக்கும்போது கண்ணுக்கே படாது, உள்ளங்கையை மயிருக்கு எதிராக ஓட்டினால் மணல் மாதிரி நெருடும்.

ஆகவே: வாலைத் தூக்கிப் பிடித்து அடியில் முழுக்க நனையுங்கள். வால் குஞ்சத்தை வாளிக்குள்ளேயே முக்கி எடுங்கள். பின்னால் நின்று தொடையிடுக்குக்குள் முனையை நீட்டி மேல்நோக்கி அடியுங்கள், உதைக்கு எட்டாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். முன்னங்கால் இடுக்கு, மார்த்தொங்கல், நாலு குளம்பும். காதுக்குள் தெளிப்பானை நீட்டாதீர்கள், மாடு தலையை உதறும், மருந்து உங்கள் கண்ணிலும் அதன் கண்ணிலும் போகும். அதே கலவையில் நனைத்த துணியைப் பிழிந்து, மடலின் உட்பக்கத்தை மடிப்பு மடிப்பாகத் துடைத்துவிடுங்கள். வயிற்றின் நடுக்கோட்டிலிருந்து நீர் ஒழுகிச் சொட்டினால் அந்த மாடு முடிந்தது.

ஆட்டுக்கும் இதே முறைதான், அளவு குறைவு, ஆனால் வெள்ளாட்டின் குளம்புப் பிளவையும் காதடியையும் யாரும் பார்ப்பதில்லை. ஆடு நொண்டினால் முதலில் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள், பாண்ட் உண்ணியின் குஞ்சுகள் அங்கே கொத்தாக இருக்கும்.

தெளித்த பிறகு நிழலில் காய விடுங்கள். ஈரத்தோடு குட்டைக்குள் இறங்க விடக்கூடாது. மருந்தும் போகும், மீனும் சாகும்.

விழாத உண்ணியை விரலால் பிடுங்கி நகத்தில் நசுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பாண்ட் உண்ணி மனிதனுக்கு உண்ணிக் காய்ச்சலைக் கொடுக்கும். பாண்ட்கால் உண்ணியின் ரத்தத்தில் கிரைமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலின் கிருமி இருக்கலாம், அது தோல் கீறல் வழியாக உள்ளே போகும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் உறை போட்டு, இடுக்கியால், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை

கரையோரக் கோடையில், பாண்ட் உண்ணியும் காது உண்ணியும் மிகும் மாதங்களில், வாரம் ஒரு முறை. குளிர் மாதங்களில் உண்ணியைப் பார்த்து இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தள்ளலாம். நீல உண்ணி குஞ்சாக ஏறி ரத்தம் குடித்து விழும் வரை ஒரே மாட்டின் மேல் மூன்று வாரம் இருக்கும், அதனால் அதைப் பிடிக்க நமக்குப் பல வாய்ப்பு உண்டு. பாண்ட் உண்ணியும் காது உண்ணியும் ஒவ்வொரு பருவத்துக்கும் விழுந்து வேறு விலங்கில் ஏறும். அவை மாட்டின் மேல் இருப்பது சில நாள்தான், இடைவெளி நீண்டால் அடுத்த தெளிப்புக்குள் குடித்து முடித்துப் போய்விடும்.

ஒரு உண்ணிகூட இருக்கக்கூடாது என்று வருடம் முழுவதும் வாராவாரம் அடிப்பதும் சரியில்லை. நீல உண்ணி பரப்பும் ரெட்வாட்டர் (மூத்திரம் சிவக்கும் நோய்) கன்றுப் பருவத்தில் லேசாக வந்து போனால் மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி நிற்கும். உண்ணியே தெரியாமல் வளர்ந்த மாடு ஒரு மழை வருடத்தில் அடிபட்டால் தாங்காது. ந்குனி என்ற நாட்டு மாடு இதையெல்லாம் ஓரளவு தானே சமாளிக்கும். ஜெர்சியும், உள்நாட்டு வறண்ட பகுதியிலிருந்து வாங்கி வந்த போயர் ஆடும் சமாளிக்காது. அப்படி வாங்கி வந்த ஆட்டுக்கு முதல் சில வாரம்தான் ஆபத்து. பாண்ட் உண்ணி பரப்பும் ஹார்ட்வாட்டர் என்ற நோய் பிடித்தால் கடுங்காய்ச்சல், கால்களை உயரத் தூக்கித் தூக்கி வைக்கும் நடை, பிறகு விழுந்து உதைப்பு. அந்த நடையைப் பார்த்த அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், தெளிப்பான் அதற்கு மருந்தல்ல.

ஆடி மாதக் கூழ் பூஜைக்கும் மாரியம்மன் நேர்ச்சைக்கும் ஆடு வாங்குபவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். லேபிளில் இறைச்சிக்கும் பாலுக்கும் எத்தனை நாள் விட வேண்டும் என்று தனி வரி இருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். அறுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்குள் வரும் தெளிப்பை விட்டுவிடுங்கள். விற்பவரிடம் கடைசியாக எப்போது, என்ன அடித்தார் என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

உண்மையிலேயே பழகிவிட்டதா?

அளவு சரி, நனைப்பு சரி, மழை இல்லை. தெளித்த மறுநாள் பாருங்கள், மூன்றாம் நாள் மறுபடி பாருங்கள். அதே இடங்களில், அதே மாட்டில். சின்ன உண்ணி மறைந்து, பெரியது சுருங்கிக் காய்ந்திருந்தால் மருந்து நல்ல மருந்து. ஏழாம் நாள் தோன்றும் புது உண்ணி புல்லிலிருந்து ஏறியது, அதற்கு மருந்தைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாளும் நீல உண்ணி பட்டாணி மாதிரி உப்பி, பளபளவென்று, தொட்டால் காலாட்டிக்கொண்டு இருந்தால்தான் சந்தேகம். தென்னாப்பிரிக்காவில் நீல உண்ணிகளில் அமிட்ராஸுக்கு எதிர்ப்பு இருப்பது பதிவான விஷயம். அந்தக் கொழுத்த பெண் உண்ணிகளைக் காற்று போகும் சின்ன டப்பாவில் பிடித்து அரசுக் கால்நடை அலுவலகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருந்தை மாற்றுவதென்றால் பெயரை மாற்றுவதல்ல, வகையை மாற்றுவது. நீல டப்பாவிலிருந்து பச்சை டப்பாவுக்குப் போய், இரண்டிலும் அமிட்ராஸே இருந்தால் காசுக்குத்தான் கேடு. லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரைப் பாருங்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளூமெத்ரின் எல்லாம் ஒரு வகை. குளோர்ஃபென்வின்ஃபாஸ் வேறு வகை. வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அடித்து எல்லாவற்றுக்கும் பழக்கிவிடாதீர்கள். ஒரு பருவம் ஒரு வகை என்று வையுங்கள். இந்தக் கதை நேட்டாலுக்குப் புதிதல்ல. ஜோசப் பெயின்ஸ் 1902-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே நெல்ஸ் ரஸ்ட் பண்ணையில் மாட்டு டிப் தொட்டி கட்டிய காலத்திலிருந்து ஆர்சனிக்தான் மருந்து. 1930-களின் கடைசியில் நீல உண்ணி அதற்கே பழகிவிட்டது. அந்தப் பழைய தொட்டிகளைச் சுற்றிய மண்ணில் ஆர்சனிக் இன்றும் இருக்கும் என்பதால், கைவிட்ட தொட்டி பக்கம் காய்கறி போடுவதும் ஆடு மேய்ப்பதும் வேண்டாம்.

நாய்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, ஊருக்குள் இருப்பவர்களுக்கு அமிட்ராஸ் நாய்ச் சொறி வழியாகத்தான் தெரியும். நாய்க்கென்று லேபிள் உள்ளதை மட்டும் வாங்குங்கள். நீண்ட மயிரைக் கத்தரித்து, ஷாம்பூ போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு ஸ்பாஞ்சால் தோல் வரை நனையுங்கள். கண்ணில் முன்கூட்டியே கண் களிம்பு தடவிக்கொள்ளலாம். பிறகு அலசக்கூடாது, துண்டால் துடைக்கவும் கூடாது, தானாகக் காய வேண்டும். காயும் வரை நக்காமல் கழுத்துக் கூம்பு. ஒரு நாள் வரை நாய் தூங்கி வழிவது சகஜம். நிற்க முடியாமல் விழுந்தாலோ, உடம்பு சில்லிட்டு நாடி மிக மெதுவானாலோ மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து அவர்களிடம் உண்டு. டெமோடெக்ஸ் என்ற உட்சொறிக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பல தடவை வேண்டும். முதல் தடவையிலேயே மயிர் முளைத்தது என்று நிறுத்தினால் திரும்பி வரும்.

மேலே பட்டால், உள்ளே போனால்

தோலில் கொட்டினால் உடுப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சைலீன் நுரையீரலுக்குள் போனால் மருந்தை விட அதுவே கொல்லும். மயக்கம், வாந்தி, மெதுவான நாடி, குறைந்த ரத்த அழுத்தம், சில்லிட்ட உடம்பு, ஏறிய சர்க்கரை இவைதான் அடையாளம். பார்ப்பவருக்கு இது வேறு பூச்சிமருந்து விஷம் போலத் தோன்றக்கூடும், ஆகவே ஆஸ்பத்திரிக்கு டப்பாவையே கொண்டுபோய் "அமிட்ராஸ்" என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். விஷத் தகவல் உதவி எண் 0861 555 777, இரவும் பகலும் எடுப்பார்கள்.

மீதிக் கலவையை ஓடையிலோ கழிவுநீர்க் குழாயிலோ கொட்டக்கூடாது. கிணறும் குட்டையும் தூரமாக உள்ள, ஆடு மாடு மேயாத வெறும் மண்ணில், லேபிள் சொல்வது போல் பரவலாக ஊற்றுங்கள். காலி டப்பாவை மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசல் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத டப்பா நாளைக்கு யார் வீட்டிலாவது தண்ணீர்க் குடமாக நிற்கும். மீதி மருந்தை மூடி இறுக்கி, வெயில் படாத, பூட்டிய அலமாரியில் வையுங்கள், அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, தேதி, எந்த மருந்து, எத்தனை மாடு, எத்தனை லிட்டர் என்று எழுதிவாருங்கள். எத்தனை லிட்டரை மாட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஐந்துக்குக் கீழே வருகிற வாரம் எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.